குடை தொலைந்ததா, தொலைத்தேனா?

போன ஐப்பசியில் என் மாமனார் கொடுத்த குடை தொலைந்துபோனது. வளைந்த மரக் கைப்பிடி போட்ட, ஆள் இடுப்பு உயரக் கறுப்புக் குடை. விரித்தால் ஒரு பக்கம் லேசாகத் தொங்கும். டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் மாட்டியது நினைவிருக்கிறது. இறங்கும்போது எடுத்த நினைவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "குடை தொலைஞ்சுபோச்சு" என்றேன். அடுப்படியிலிருந்து ஒரு கேள்விதான் வந்தது: "தொலைஞ்சுபோச்சா, தொலைச்சுட்டீங்களா?"

என் மனைவி மொழியியல் படித்தவள் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு பெரிய இயந்திரமே ஓடுகிறது. தமிழ்நாட்டில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு ஓடிவரும் எந்த அம்மாவும் இதையேதான் கேட்பாள்: "அதுவா விழுந்துச்சா, நீ தள்ளிவிட்டியா?" கேட்பவள் ஒரு வினைச்சொல்லுக்குப் பதில் இன்னொரு வினைச்சொல்லை வைக்கிறாள். குற்றவாளி கூண்டில் ஏறிவிடுகிறான்.

அந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொலைந்தது, தொலைத்தேன். நடுவில் இருக்கும் ஒலியைக் கவனியுங்கள். ஒன்றில் 'ந்த்', மற்றதில் 'த்த்'. இரண்டுக்கும் நாக்கு போய்த் தொடுகிற இடம் ஒன்றுதான், மேல் பல்லின் பின்புறம். வித்தியாசம் மூக்கில் இருக்கிறது. 'ந்' சொல்லும்போது மூக்கு வழியாகக் காற்று கசிகிறது. 'த்' சொல்லும்போது அந்த வழி அடைபடுகிறது. சந்தேகமிருந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'தொலைந்தது' என்று சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட 'தொலைத்தது' என்றே காதில் விழும். குற்றமற்றவனாகவும் குற்றவாளியாகவும் ஆவதற்கு நடுவே உள்ள தூரம், ஒரு ஜலதோஷம்.

பேச்சில் இந்தச் சொற்கள் உருமாறுகின்றன. 'உடைந்தது' என்பது 'உடைஞ்சுது' ஆகிறது, 'உடைத்தான்' என்பது 'உடைச்சான்' ஆகிறது. எழுத்து இரண்டும் மாறிவிட்டன, ஆனாலும் மெல்லின வல்லினக் கணக்கு அப்படியே நிற்கிறது: ஞ்சு தப்பிக்கிறது, ச்சு மாட்டிக்கொள்கிறது. கிழிஞ்சுது, கிழிச்சான். கலைஞ்சுது, கலைச்சான். எரிஞ்சுது, எரிச்சான். வினைச்சொல்லின் அடியிலேயே இந்த ஏற்பாடு இருக்கும் ஜோடிகளும் உண்டு. அடங்கு, அடக்கு. நிரம்பு, நிரப்பு. திருந்து, திருத்து. மூன்றிலும் மெல்லினம் வல்லினமாக இறுகுகிறது. மெல்லினம் இல்லாத இடத்திலும் இதே இறுக்கம் வேலை செய்யும்: ஓடு, ஓட்டு, மாறு, மாற்று. "யாரையும் திருத்த முடியாது, அவனாத் திருந்தினாத்தான் உண்டு" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்ளும் வாக்கியத்தின் மொத்த வாதமும் ஒரு ந-வுக்கும் த-வுக்கும் நடுவில் நடக்கிறது.

பள்ளியில் இதைத் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்தும் இருப்போம். மதுரையில் தமிழ் கற்பித்த மொழியியல் அறிஞர் கு. பரமசிவம் இதை விடவில்லை. இந்த ஜோடிகளைப் பற்றி அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 1979-இல் நூலாக வந்தது. செயப்படுபொருள் உண்டா இல்லையா என்று பார்ப்பதால் மட்டும் இந்த ஜோடிகள் பிடிபடாது என்பது அவர் கண்டது. வினையின் விளைவு எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். "ஊரைப் பிரிந்தான்", "ஊரைப் பிரித்தான்." இரண்டிலும் 'ஐ' உருபு இருக்கிறது, இரண்டிலும் ஊர்தான் செயப்படுபொருள். ஆனால் முதலாமவன் பஸ் ஏறிப் போய்விட்டான். அதன் பாரம் அவன் நெஞ்சில். இரண்டாமவன் ஊரிலேயே இருக்கிறான், ஊர்தான் இரண்டாகிவிட்டது. விளைவு செய்தவனிடமே தங்கினால் மெல்லினம், வெளியே போய் எதன் மீதாவது விழுந்தால் வல்லினம். பொறுப்பின் முகவரியை ஒரு மெய்யெழுத்தில் மடித்து வைத்திருக்கிறார்கள், யாரென்று தெரியாத நம் முன்னோர்.

முகவரி மட்டும் போதாதென்று கையெழுத்தும் கேட்கிறது தமிழ். 'தொலைத்தேன்' என்று சொல்ல 'நான்' தேவையில்லை. வால் பக்கத்து 'ஏன்' விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் பார்த்தால் 'ஏன்' என்ற கேள்வியும் அதேபோல இருப்பது தற்செயல்தான், சொல்லாராய்ச்சியில் இரண்டுக்கும் உறவில்லை. ஆனாலும் 'உடைத்தேன்' என்ற வாக்குமூலத்தின் கடைசியிலேயே அடுத்த விசாரணைக் கேள்வி ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் ஒரு குறும்பாகத் தோன்றும்.

இதெல்லாம் சொல் விளையாட்டுத்தானே, நிஜத்தில் என்ன ஆகிவிடப்போகிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் ஃபாசியும் லெரா போரோடிட்ஸ்கியும் இதைச் சோதித்தார்கள். 2004-இல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சியில், நேரடி ஒளிபரப்பின்போது, பாடகி ஜேனட் ஜாக்சனின் மேலாடையின் ஒரு பகுதி சக பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கின் கையோடு வந்துவிட்டது. நாடே பார்த்த சம்பவம். 2010-இல் வெளியான ஆய்வில், அதைப் பற்றிய சிறு குறிப்பை இரண்டு விதமாக எழுதி ஆட்களிடம் கொடுத்தார்கள். நம் மொழியில் சொன்னால் ஒன்றில் 'ஆடையைக் கிழித்தார்', மற்றதில் 'ஆடை கிழிந்தது'. மற்றபடி எல்லாம் ஒன்றே. டிம்பர்லேக்குக்கு எவ்வளவு அபராதம் போடலாம் என்று கேட்டபோது, 'கிழித்தார்' என்று படித்தவர்கள் 53 சதவீதம் அதிகம் கேட்டார்கள். 'கிழிந்தது' படித்தவர் 1,000 ரூபாய் கேட்டால் 'கிழித்தார்' படித்தவர் 1,530 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பவத்தை வீடியோவில் கண்ணால் பார்த்தவர்களிடமும் சொல்லின் வேலை நின்றபாடில்லை.

அதே குழு இன்னொரு காரியமும் செய்தது. முட்டை உடைவது, பலூன் வெடிப்பது, தண்ணீர் கொட்டுவது போன்ற சின்னச் சின்ன வீடியோக்களை ஆங்கிலம், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி பேசுபவர்களுக்குக் காட்டியது. சிலவற்றில் ஆள் வேண்டுமென்றே செய்கிறார், சிலவற்றில் கை தவறி நடக்கிறது. ஆங்கிலத்தில் கை தவறினாலும் 'அவர் உடைத்தார்' என்றே சொல்வது வழக்கம். மற்ற இரண்டு மொழிக்காரர்களும் கை தவறியதை 'உடைந்தது' என்று சொல்லவே அதிகம் விரும்புவார்கள். பிறகு, 'எதை யார் செய்தது?' என்று நினைவைச் சோதித்தார்கள். வேண்டுமென்றே செய்த ஆளை எல்லோரும் ஒரே அளவுக்கு நினைவு வைத்திருந்தார்கள். கை தவறிய ஆளை மட்டும் ஆங்கிலக்காரர்கள்தான் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். வாக்கியத்தில் இடம் கிடைக்காத ஆள் நினைவிலிருந்தும் மெல்ல நழுவுகிறார். இதை வைத்து 'அந்த இனம் பொறுப்பானது, இந்த இனம் பொறுப்பற்றது' என்று கிளம்புபவர்களை நம்ப வேண்டாம். மொழி ஒருவரை எதையும் சொல்லாமல் தடுப்பதில்லை. எது வாயில் சுலபமாக வருமோ அதை முன்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

நமக்கோ முன்னால் தள்ள ஏகப்பட்ட சரக்கு இருக்கிறது. தமிழின் துணைவினைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கிய வினைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு, தன் சொந்தப் பொருளை விட்டுவிட்டு, பேசுகிறவரின் மனநிலையைச் சுமக்கும் வினைகள் இவை. ஒரே ஒரு கண்ணாடி டம்ளரைத் தரையில் போட்டுப் பார்ப்போம்.

"உடைச்சுட்டேன்." உள்ளே ஒளிந்திருப்பது 'விடு'. நடந்து முடிந்தது, திருப்ப முடியாது என்ற பெருமூச்சோடு ஒப்புக்கொள்வது. வெறுமனே "உடைத்தேன்" என்று ஒருவர் சொன்னால் ஏதோ வீரச்செயல் போலத் தொனிக்கும். "உடைஞ்சுபோச்சு." 'போ' வந்துவிட்டது, கைமீறிப் போனது, விதி. "உடைச்சுப்போட்டான்." 'போடு' வந்தால் அலட்சியம். "உடைச்சு வச்சிருக்கான்." 'வை' வந்தால், அவன் போய்விட்டான், பெருக்கி அள்ளுவது என் தலையில். "உடைச்சுத் தொலைச்சான்." இங்கே தொலைந்தது டம்ளர் இல்லை, என் பொறுமை. "உடைச்சுக்கிட்டான்." 'கொள்' வந்தால் சேதம் அவனுக்கே, பெரும்பாலும் உடைந்தது அவன் பல்லோ காலோதான்.

தரையில் கிடப்பது ஒரே டம்ளர். யார் செய்தது, வேண்டுமென்றா, யாருக்கு நஷ்டம், அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு எரிச்சல், எல்லாமே ஒன்றிரண்டு அசைக்குள் பதிவாகிவிட்டன. மற்ற பல மொழிகளில் இதற்கு இரண்டு வாக்கியம், ஒரு முகபாவம், ஒரு தோள் குலுக்கல் தேவைப்படும்.

இதில் 'கொள்' தனி அதிசயம். "விரலை வெட்டினேன்" என்றால் கேட்பவர் பதறிப்போய் யாருடைய விரல் என்று கேட்பார். "விரலை வெட்டிக்கிட்டேன்" என்றால் மஞ்சளும் துணியும் எடுத்துவருவார். கத்தி அதே கத்தி, வினை அதே வல்லின வினை. ஒரு 'கிட்டேன்' வந்து, இது தெரியாமல் நடந்தது, அடிபட்டவரும் நானே என்று சாட்சி சொல்லிவிடுகிறது.

இவ்வளவு பழைய இயந்திரம் இங்கிலீஷ் சொற்கள் வந்து குவிந்தபோது துருப்பிடித்து நின்றிருக்க வேண்டும். 'டெலீட்' என்ற சொல்லில் மெல்லினம் எங்கே, வல்லினம் எங்கே? தமிழ் அசரவில்லை. 'ஆகு', 'பண்ணு' என்ற இரண்டு சின்னச் சக்கரங்களைப் பூட்டி எந்த வெளிச்சொல்லையும் ஓட்டிவிடுகிறது. "ஃபைல் டெலீட் ஆயிடுச்சு", "ஃபைலை டெலீட் பண்ணிட்டேன்." "லேட் ஆயிடுச்சு", "லேட் பண்ணிட்டேன்." "மிஸ் ஆயிடுச்சு", "மிஸ் பண்ணிட்டேன்." உடைந்தது, உடைத்தேன் என்ற பழைய ஜோடிதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் வந்திருக்கிறது. ஆபீசில் எந்த ஃபைலும் யாராலும் அழிக்கப்படுவதில்லை, எல்லாம் தானே டெலீட் ஆகின்றன என்பது உங்களுக்கும் தெரிந்ததே.

வடமொழியிலிருந்து வந்த சொற்களுக்கும் இதே சக்கரம்தான். "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்பார் ஒருவர். "நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்பார் காதலித்து மணந்தவர். "எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க" என்று மூன்றாவது ஒருவர் சொன்னால், அவர் குரலைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும்.

பரீட்சை முடிவு வரும் நாளில் இந்தச் சக்கரங்கள் இன்னும் வேகமாகச் சுழலும். "பாஸ் பண்ணிட்டேன்." "மேக்ஸ்ல மட்டும் ஃபெயில் ஆயிட்டேன்." அல்லது, "ஃபெயில் பண்ணிட்டாங்க சார்." 'பாஸ் ஆயிட்டேன்' என்பாரும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றிப் பேசும்போது 'ஃபெயில் பண்ணிட்டேன்' என்று சொன்ன மாணவனை நான் இதுவரை கேட்டதில்லை. வெற்றியைத் தன் கணக்கிலும் தோல்வியை வெளிக் கணக்கிலும் எழுதும் இந்தப் பழக்கத்தை உளவியலில் தற்சார்புச் சாய்வு என்கிறார்கள், அதாவது தன் பக்கமே சாயும் தராசு. உலகம் முழுக்க உள்ளதுதான். நம்மிடம் அது வினைச்சொல்லிலேயே தெரிகிறது.

ஒருவருடைய வாழ்க்கையை நடத்துவது அவரா, வெளியிலுள்ள ஏதோவா? இதில் அவர் எதை நம்புகிறார் என்பதை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார். 29 ஜோடி வாக்கியங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த நம்பிக்கைக்குக் கட்டுப்பாட்டு மையம் என்று பெயர்: கடிவாளம் என் கையில் என்று நினைப்பவர் ஒரு முனை, அதிர்ஷ்டத்தின் கையில் என்று நினைப்பவர் மறுமுனை. பெரும்பாலோர் நடுவில் எங்கோ இருப்போம். அதுவும் ஆளுக்கு ஆள் மட்டுமில்லை, வேளைக்கு வேளை மாறும். காலையில் "சீக்கிரம் எழுந்துட்டேன்" என்பவரே மறுநாள் "அலாரம் அடிக்கலை" என்பார்.

தமிழில் கடிவாளம் யார் கையில் என்பது இன்னொரு வகையிலும் சிக்கலாகிறது. நமக்குள் நடப்பவை பலவும் நாம் செய்பவை அல்ல, நமக்கு வந்து சேர்பவை. எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தூக்கம் வருகிறது. எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும். 'நான்' எழுவாய் நாற்காலியிலிருந்து இறங்கி, 'கு' உருபை ஏற்றுக்கொண்டு, கடிதம் வந்து சேரும் விலாசமாக ஆகிவிடுகிறது. "எனக்குக் கோபம் வந்துடுச்சு." எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்தது போல. சரி, நேராக ஒப்புக்கொள்கிறேன் என்று "கோபப்பட்டேன்" என்றாலும், உள்ளே இருப்பது 'படு'. அடிபட்டேன், வெயில் பட்டது என்பதிலுள்ள அதே 'படு'. கோபமும் நம் மீது படுவதுதான். உணர்ச்சி நம் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை என்பதை உளவியல் வருவதற்கு முன்பே நம் இலக்கணம் கண்டுகொண்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். "எனக்கு மறந்துபோச்சு" என்பதையும் "நான் மறந்துட்டேன்" என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் மறதி என்ற திருடன் வந்து போயிருக்கிறான். இரண்டாவதில் வீட்டைப் பூட்டாமல் போனவன் நான்.

உடம்பின் உறுப்புகள் வேறு தனித்தனியாக இயங்குகின்றன. கை தவறியது, வாய் தவறி வந்துவிட்டது, கால் தடுக்கியது, கண் அசந்தது, நாக்கு கேட்கிறது, மனசு வரவில்லை. காலையில் ஒரு தட்டு உடைவதிலிருந்து ராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்து இனிப்பை எடுப்பது வரை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு உறுப்பு பொறுப்பேற்றுக்கொள்கிறது. இந்தக் கணக்கில் நான் என் உடம்பில் வாடகைக்குக் குடியிருப்பவன்.

தெருவில் வண்டிகளும் அப்படியே. விபத்துச் செய்திகளைக் கவனியுங்கள்: கட்டுப்பாட்டை இழந்த கார் நிலைதடுமாறி மரத்தில் மோதியது. கட்டுப்பாடு இருந்ததும் காருக்கு, இழந்ததும் கார். ஸ்டியரிங் பிடித்தவர் மூன்றாவது பத்தியில்தான் வருவார். எந்தச் சொல்லால் மோதலைச் சொல்கிறோம் என்பதற்கும் விலை உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் 45 மாணவர்களுக்கு விபத்துப் படங்களைக் காட்டி, கார்களின் வேகத்தைக் கேட்டார்கள். கார்கள் ஒன்றையொன்று 'தொட்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 51 கிலோமீட்டர் என்றார்கள். 'நொறுக்கிக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 65-க்கும் மேல் என்றார்கள். ஒரே படம். ஒரு சொல்லின் கனத்தில், ஒரு சைக்கிள் போகும் வேகம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். 'நொறுக்கிக்கொண்ட' 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். 'மோதிய' 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

அரசாங்கத் தமிழ் ஆளை மறைக்க வேறு வழி வைத்திருக்கிறது. 'நடவடிக்கை எடுக்கப்படும்.' எடுப்பவர் யார், எப்போது என்ற இரண்டும் அதில் கிடையாது. ஆனால் இந்தச் செயப்பாட்டுவினை காகிதத்தில்தான் பிழைக்கும். வீட்டில் யாரும் "சாம்பார் என்னால் வைக்கப்பட்டது" என்பதில்லை. வீட்டுக்கு 'ஆயிடுச்சு' போதும்.

மேலாளர்களுக்குத் தமிழ் ஒரு கருவி அதிகமாகவே கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே 'வீ'. நம்மிடம் கேட்பவரைச் சேர்க்கும் 'நாம்', சேர்க்காத 'நாங்கள்'. "நாங்க தப்புப் பண்ணிட்டோம்" என்பது மன்னிப்பு. "நாம தப்புப் பண்ணிட்டோம்" என்று மேலாளர் சொன்னால், அந்த வாரம் லீவில் இருந்தவர் உட்பட எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

இதுவரை பார்த்ததெல்லாம் நடந்து முடிந்தவற்றின் கணக்கு. நடக்கப்போவதற்கும் சொல்லுக்கும் தொடர்பு உண்டா? அமெரிக்காவில் வனெஸ்ஸா பேட்ரிக், ஹென்ரிக் ஹாக்ட்வெட் என்ற இருவர் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆசை காட்டும் தின்பண்டத்தை எப்படி மறுப்பது என்பதற்கு ஒரு குழுவுக்கு ஒரு வாக்கியம், மற்றக் குழுவுக்கு வேறு வாக்கியம். நம் வீட்டுத் தமிழில் முதலாவது, "நான் இனிப்பு சாப்பிடக் கூடாது." இரண்டாவது, "நான் இனிப்பு சாப்பிடுறதில்லை." வெளியேறும்போது சாக்லேட் அல்லது சத்துப் பண்டம், ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 'கூடாது' குழுவில் 39 சதவீதம் பேர் சத்துப் பண்டத்தை எடுத்தார்கள், 'இல்லை' குழுவில் 64 சதவீதம் பேர். ஓர் ஆய்வை வைத்து வாழ்க்கையை மாற்றிக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு இது பழக்கமான காட்சி. "டாக்டர் சாப்பிடக் கூடாதுன்னுட்டார்" என்பவர் இலையில் ஜாங்கிரி எப்படியோ விழுந்துவிடுகிறது, பரிமாறுபவர் டாக்டரை ஜெயித்துவிடுகிறார். "சாப்பிடுறதில்லைங்க" என்பவர் இலையைத் தாண்டி வாளி அடுத்த இலைக்குப் போகிறது. 'கூடாது' என்பது வெளியே இருந்து வந்த தடை. தடையோடு பேரம் பேசலாம். 'சாப்பிடுவதில்லை' என்பது அந்த ஆள்.

பந்தியை விட்டுக் கொஞ்சம் கனமான இடத்துக்குப் போவோம். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முகமது அல்-மொசாய்வியும் டாம் ஜான்ஸ்டோனும் 63 இணையக் குழுக்களில் 6,400-க்கும் மேற்பட்டோர் எழுதியவற்றை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். 'எப்போதும்', 'ஒருபோதும்', 'முழுக்க' போன்ற முற்றுமுடிவுச் சொற்கள், நடுவே இடைவெளி விடாத சொற்கள், மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களின் குழுக்களில் ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமாக இருந்தன. தற்கொலை எண்ணம் பற்றிய குழுக்களில் 80 சதவீதம். சோகச் சொற்களைவிட இந்தச் சொற்களே மனநிலையை நன்றாகக் காட்டிக்கொடுத்தன.

தமிழில் அந்தச் சொற்கள் உருவாகும் விதத்தைப் பாருங்கள். 'எப்போது?' என்பது திறந்து கிடக்கும் கேள்வி. அதன் வாலில் 'உம்' போட்டால் 'எப்போதும்', கேள்வி மூடிக்கொண்டது. எதையும் விடாமல் சேர்த்துக்கொள்ளும் இந்த உம்முக்கு முற்றும்மை என்று பெயர். அதன் மேல் ஒரு 'ஏ' போட்டால் 'எப்போதுமே'. சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆணி அடிக்கும் இந்த ஏகாரம், தேற்றேகாரம். "எனக்கு எப்பவுமே இப்படித்தான். யாருமே இல்லை. எதுவுமே சரியா நடக்கலை." ஒவ்வொரு சொல்லிலும் கதவு, தாழ்ப்பாள், பூட்டு. நெருங்கிய ஒருவர் பேச்சில் இந்த உம்மும் ஏயும் திடீரென்று பெருகினால், பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

மெல்லினத்தின் பக்கமும் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். 'உடைந்தது' என்பது எப்போதும் தப்பிக்கும் வழி இல்லை. விருந்துக்கு வந்த குழந்தை தட்டை உடைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கும்போது, வீட்டுக்காரம்மா "பரவால்ல கண்ணு, கண்ணாடின்னா உடையத்தான் செய்யும்" என்கிறாள். உடைத்த கை வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறது. தெரிந்தேதான் காணாமல் போகச் செய்கிறாள். தொல்காப்பியம் இந்த வழக்கத்துக்கு அனுமதியே கொடுத்திருக்கிறது: செய்யப்பட்ட பொருளையே, அது தானாகச் செய்தது போலச் சொல்வதும் மக்கள் வழக்குதான் என்கிறது வினையியல். உரையாசிரியர்கள் இதற்குத் திண்ணையை உதாரணம் காட்டுகிறார்கள். குனிந்து சாணி மெழுகியவர் யாரென்று இல்லாமல், திண்ணையே மெழுகியதாகச் சொல்லும் வாக்கியம். டெலீட் ஆன ஃபைலுக்கு அந்தத் திண்ணைதான் பாட்டி.

குடைக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து மாமனாருக்குப் போன் போட்டேன். போடுவதற்கு முன் வாக்கியத்தை மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றாள் மனைவி.

"மாமா, உங்க குடையைத் தொலைச்சுட்டேன். பஸ்ல வச்சுட்டு இறங்கிட்டேன்."

"அட, அதுக்கென்ன மாப்ள, விடுங்க. அதுல ரெண்டு கம்பி ஏற்கெனவே போயிருந்துச்சு."

"ஏம்ப்பா, அதுவாப் போச்சா?" என்றாள் மனைவி.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு தூரத்திலிருந்து மாமியாரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "குடைப்பிடியைத் தொரட்டியா மாட்டி கொய்யாக் கிளையை இழுத்தாரு. வளைச்சு வளைச்சு இழுத்தாரு!"